ஏசுதாஸைத் தேடிப் போன ராஜ்தூத்

பொங்கல் முடிந்த ஆறாம் நாள் காலையில் ஏசுதாஸ் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். பல் விளக்கத்தான் போகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவன் மனைவி பரிமளா அந்த நேரம் கழனியில் கூலிக்கு நவரை நெல் நடவில் குனிந்திருந்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சோற்றுத் தட்டு மூடியது மூடியபடி இருந்தது. பார்வை மங்கிய மாமியார் சிட்டம்மாள் கட்டிலில் உட்கார்ந்தபடி, “காலீல போனவன் இன்னும் வர்ல பரிமளா” என்றாள்.

உத்திரமேரூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிற காலனி அது. ஏசுதாஸ் இப்படிப் போவது புதிதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் சென்ட்ரிங் வேலையில் முதல் மாடியிலிருந்து விழுந்து தலையில் பதினேழு தையல் போட்டார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் அன்றன்றைய விஷயம் எதுவும் தலையில் தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயர் சொல்வான், காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் விழிப்பான். சில நாள் பரிமளாவையே பார்த்து, “நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?” என்று மரியாதையாகக் கேட்பான். முதல் தடவை அவள் சிரித்தாள். இரண்டாம் தடவை அடுப்பங்கரையில் போய் அழுதாள். பிறகு பழகிவிட்டது. “பெஞ்சமின் வூட்டு மருமவ” என்பாள். “அட, அவரு எங்கப்பா ஆச்சே!” என்று அவன் சந்தோஷப்படுவான்.

எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்து அனுப்பிவிடுவார்கள். அன்று யாரும் அனுப்பவில்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். ரசீது கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உதவியில் நோட்டீஸ் அடித்தாள். போட்டோ என்று வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டையில் இருந்ததுதான். பத்து வருஷத்துக்கு முந்திய முகம். கன்னம் உப்பி, மீசை முறுக்கி, மாப்பிள்ளை போல இருந்தான். காணாமல் போன ஏசுதாஸ் தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், எலும்பும் தோலுமாக இருந்தவன். ‘தற்போது தாடி வைத்திருப்பார்’ என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். டீக்கடை, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை என்று கை ஓயும் வரை ஒட்டினாள்.

முதல் போன் திருப்புலிவனத்திலிருந்து வந்தது. சிவன் கோயில் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், பேர் கேட்டால் பெஞ்சமின் மகன் என்கிறான் என்றார்கள். பரிமளா கழனிச் சேறு காயாத காலோடு ஷேர் ஆட்டோ பிடித்து உத்திரமேரூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் போனாள். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. “இவ்ளோ நேரம் இங்கதாம்மா இருந்தாரு. காஞ்சீவரம் ரோட்ட பாத்து எழுந்து போனாரு” என்றார் கோயிலெதிரே கடை வைத்திருந்தவர். அந்த ரோட்டில் இருட்டும் வரை நடந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் வந்த போன்கள் தூரத்திலிருந்து வந்தன. தாமல் ஏரிக்கரையில் பார்த்தோம் என்றார்கள். திருப்புட்குழி பெருமாள் கோயில் வாசலில் பார்த்தோம் என்றார்கள். தாடி, கிழிந்த லுங்கி, தானாகப் பேசிக்கொள்கிறான். எல்லாம் பொருந்தியது. ஷேர் ஆட்டோ, காஞ்சிபுரம் பஸ், அங்கே காத்திருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேர மூன்று மணி நேரம். ஒவ்வொரு முறையும் அவன் போயிருப்பான். மாசி மாதம் திருப்புட்குழியில் பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி சொன்னாள்:

“இப்பதாம்மா. பிரசாதம் வாங்கித் துன்னுட்டு எழுந்து போனாரு. அரை மணி நேரங்கூட ஆவல.”

பரிமளா கோயில் வெளிப்படியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அரை மணி நேரம். ஒரு வண்டி இருந்திருந்தால் புருஷன் கையைப் பிடித்திருப்பாள். திரும்பி வரும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் கால் கடுக்க நின்றாள். வாசல் ஆட்டுக்கொட்டகையில் மாமனாரின் ராஜ்தூத் நிற்பது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பெஞ்சமின் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டருக்கு உதவியாளாக இருந்தவர். மாற்றலாகிப் போன மாட்டு டாக்டர் ஒருவர் விட்டுவிட்டுப் போன வண்டி அது. காலனிக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள். அந்தக் காலத்தில் ஊர்த் தெரு வந்தால் பெஞ்சமின் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவாராம். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம். அன்று முதல் வண்டி நகரவில்லை. ஹாண்டில்பாரில் ஆடு கட்டினார்கள். பக்கவாட்டுப் பெட்டிக்குள் கோழி முட்டையிட்டது. டயர் இரண்டும் மண்ணோடு ஒட்டிப் போயிருந்தன.

மறுநாள் காலை பரிமளா ஊர்ப் பக்கம் போய்ப் பவளத்தைக் கூப்பிட்டாள்.

பவளம் வரதன் மகள். கழனி காடு உள்ள குடும்பம். பரிமளாவைவிட ஏழெட்டு வயது சின்னவள். இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் எட்டு வருஷம் ஒரகடம் போய் வந்தவர்கள். பரிமளா பேக்கிங்கில், பவளம் மோட்டார் சைக்கிள் இன்ஜின் வரிசையில். கான்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரே நாளில் இருவரையும் நிறுத்தினார்கள். விடிகாலைக் குளிரில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிய பழக்கத்தில், ஊர், காலனி என்ற பேதம் பார்க்காத ஒரு சிநேகம் அவர்களுக்குள் நிலைத்துவிட்டது.

பவளம் கொட்டகைக்குள் நுழைந்து வண்டியைச் சுற்றி வந்தாள். கிக்கரை மிதித்துப் பார்த்தாள். கல்லை மிதித்தது போலிருந்தது.

“யக்கா, கம்பெனில நான் பண்ணதே ஒரே வேலதான். வலது பக்கத்து மூடில ஆறு போல்ட்டு முடுக்கணும். ஒரு நாளிக்கு நானூறு இன்ஜின். அந்த மூடிக்கு உள்ளார இன்னா கீதுன்னு நான் பாத்ததே இல்ல.”

“தொறந்து பாத்துடலாம் வா” என்றாள் பரிமளா.

“இத்த ஓட்ட உனுக்குத் தெரியுமா?”

“சைக்கிளே சரியா தெரியாது.”

பவளம் அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்து, தலை வாராமல் நின்ற அந்த முகத்திடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “சரி, அந்த ஆட்ட அவுரு” என்றாள்.

பங்குனியில் தொடங்கியது வேலை. காலையில் இருவரும் அவரவர் கழனி வேலைக்குப் போய்விட்டு, மத்தியானச் சோறு தின்ற கையோடு கொட்டகையில் உட்காருவார்கள். செல்போனில் வீடியோ போட்டுப் பார்ப்பார்கள். ராஜ்தூத் பிரிக்கிற வீடியோ எல்லாம் இந்தியில் இருந்தது. பேசுவது புரியாது. கை போகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் பழைய சேலை ஒன்றில் கழற்றிய வரிசையிலேயே பரப்பினார்கள். எந்தச் சாமானுக்குப் பிறகு எது என்று தெரியாமல் போய்விடக் கூடாதே என்று பரிமளா கரித்துண்டால் சேலையிலேயே எண் போட்டாள்.

பிஸ்டன் துருவேறி உள்ளேயே இறுகிவிட்டிருந்தது. பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார்கள். தினமும் பரிமளா கிக்கர்மேல் ஏறி நின்று தன் முழு எடையையும் போட்டு அமுக்குவாள். அசையாது. நான்காம் நாள், ஐந்தாம் நாள், எட்டாம் நாள். இதற்கு நடுவில் தாமலிலிருந்து திரும்பவும் போன் வந்தது. ஏரி மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், உடனே வாங்க என்றார்கள். ஓடினாள். வழக்கம் போல வெறும் மதகுதான் இருந்தது. திரும்பி வந்தவள் நேராகக் கொட்டகைக்குள் போய்ச் சுத்தியலை எடுத்து இன்ஜின்மேல் ஓங்கிப் போட்டாள். சூடு ஆறுவதற்காக இன்ஜினைச் சுற்றி இருக்கிற உலோக இறக்கைகளில் ஒன்று உடைந்து தெறித்தது. பவளம் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“உனுக்குப் பைத்தியமா? இத்த ஒடச்சிட்டா நீ எதுல போவ?”

“அந்த மனுசன் பசில எங்க கெடக்குறாரோ! இது உயிரில்லாத ஜென்மம், இதுக்கு இன்னா அவ்ளோ வீம்பு!”

“வீம்பு இல்லக்கா, துரு. இன்னும் ரெண்டு நாளு ஊறட்டும்.”

ஒன்பதாம் நாள் கிக்கர் ஒரு விரல்கடை இறங்கியது. இருவரும் சேர்ந்து மறுபடி அமுக்கினார்கள். இன்னொரு விரல்கடை.

வரதனுக்கு இது பிடிக்கவில்லை. “பொட்டப்புள்ள காலனில போய் கிரீஸ பூசிக்கினு குந்திக்கினுகீறியே, நாலு பேரு இன்னா பேசுவான்?” என்று வீட்டில் கத்தினார். பவளம் சோப்பைத் தேய்த்துக் கையைக் கழுவினாள். மறுநாளும் வந்தாள். இரண்டு பேருமாக ரயிலேறி சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய், பழைய உதிரிச் சாமான் கடைகளில் சேலை முனையில் முடிந்துவைத்த தேய்ந்த பிஸ்டன் ரிங்கைக் காட்டிக் காட்டி அலைந்து, ரிங், கார்புரேட்டர், கிளட்ச் கேபிள் எல்லாம் வாங்கி வந்தார்கள். பெட்ரோல் டாங்கிக்குள் புளித்தண்ணியும் ஜல்லிக்கல்லும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தொட்டில் ஆட்டுவது போல ஒரு வாரம் ஆட்டினார்கள். செம்மண் கரைத்தது போலத் துரு வந்தது.

வேலை நடக்கிற நேரத்தில் பரிமளா அதிகம் பேசமாட்டாள். கை ஓய்ந்தால்தான் நினைப்பு வந்து மொய்க்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் அவன் எந்தத் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடக்கிறானோ, யார் கல்லால் அடித்து விரட்டினார்களோ, தண்ணீர் கேட்கவாவது அவனுக்குத் தோன்றுமோ என்றெல்லாம் ஓடும். உடனே எமரித்தாளை எடுத்து எதையாவது தேய்க்கத் தொடங்கிவிடுவாள். அவள் தேய்த்துத் தேய்த்தே முன், பின் இரண்டு மட்கார்டும் வெள்ளிப் பாத்திரம் போலாகிவிட்டன.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், நூறு தடவைக்கு மேல் மிதித்த பிறகு, வண்டி படபடவென்று கிளம்பியது. கொட்டகை முழுக்க நீலப் புகை. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பவளம் சிரித்துக்கொண்டே இருமினாள். பரிமளா சிரிக்கவில்லை. ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு, அணைந்துவிடுமோ என்று இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து சிட்டம்மாள் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஓடுதா?”

“ஓடுது அத்த.”

“அப்ப இனிமே புள்ள கெடச்சிருவான் இல்ல?”

பரிமளா ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள்.

ஓட்டக் கற்றுக்கொண்டது ஏரிக்குள். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த தரை. பவளத்துக்கு ஸ்கூட்டி மட்டும் தெரியும், கியர் அவளுக்கும் புதிது. சுடிதார்மேல் ஏசுதாஸின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு பரிமளா ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை விட்டதும் வண்டி முயல் போலத் துள்ளி நின்றது. பதினைந்து தடவை அப்படியே. பதினாறாம் தடவை ஓடியது, நிறுத்தத் தெரியாமல் கருவேலம் புதரில் போய் விழுந்தாள். சைலன்சர் பட்டுக் கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்தது.

“ரெண்டு நாளு ரெஸ்ட் எடுக்கா” என்றாள் பவளம், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

“ரெண்டு நாள்ல அவரு எங்க போவாரோ. தள்ளு வண்டிய.”

“கீழ பாக்காத. கீழ பாத்தா கீழதான் போவ. தூரத்துல அந்தப் பன மரத்த பாரு.”

பனைமரத்தைப் பார்த்தே ஓட்டினாள். ஒரு நாள் அவள் ஓட்டினால் மறுநாள் பவளம். விழுந்ததில் இருவர் முழங்காலும் முழங்கையும் கறுத்துப் போயின. பதினெட்டாம் நாள் பவளத்தைப் பின்னால் உட்காரவைத்து ஏரிக்கரைமேல் ஏற்றி, ஊர்த் தெரு வழியாக, கீழே இறங்காமல், இரண்டாம் கியரில் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வரதன் வாசலில் நின்று பார்த்தார்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் தாமலிலிருந்து போன் வந்தது. ஏரிக்கரை டீக்கடைக்காரர் பேசினார். “இப்ப வந்து குந்திக்கினுகீறாரும்மா. டீ குடுத்து வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க.”

பரிமளா கதிர் அரிவாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பவளம் பின்னால் ஏறினாள். பழைய வண்டி, நாற்பதுக்கு மேல் போகாது. காஞ்சிபுரம் தாண்டியதும் பிளக் அடைத்து ஒரு தடவை நின்றது. பவளம் இறங்கிப் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் பரிமளா ரோட்டோரத்தில் நின்று, “கர்த்தரே, இன்னிக்கு மட்டும், இன்னிக்கு மட்டும்” என்று வாய்விட்டுப் புலம்பினாள். பெரிய ரோட்டில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. தாமல் வந்தபோது ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

அவன் இருந்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அதே மெலிந்த தோள், அதே கலைந்த முடி. பரிமளா வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்து பவளத்தின்மேல் சாய்த்துவிட்டு ஓடினாள். “என்னாங்க!” என்று தோளைத் தொட்டாள்.

திரும்பிய முகம் வேறு யாரோ.

அவள் அந்த முகத்தை விடாமல் பார்த்தாள். தாடிக்குள் ஏசுதாஸ் எங்காவது இருப்பானா என்று தேடினாள். அவன் தலைமுடியைக் கையால் விலக்கித் தையல் தழும்பைப் பார்த்தாள். தழும்பு இல்லை. அந்த ஆள் எதிர்ப்புக் காட்டாமல் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இவரு எப்பலருந்துங்க இங்க கீறாரு?” என்று பவளம் கடைக்காரரைக் கேட்டாள்.

“ஒரு வருசம் மேல ஆவுது. இங்க நாலு நாளு, திருப்புட்குழில நாலு நாளுன்னு சுத்திக்கினு இருப்பாரு. நோட்டீசுல தாடின்னு போட்டிருந்துச்சா, மூஞ்சியும் அப்பிடிதான் இருந்துச்சு. அதான் போன் பண்ணேன். தப்பா எடுத்துக்காதம்மா.”

ஒரு வருஷத்துக்கு மேல் என்றால், ஏசுதாஸ் காணாமல் போவதற்கு முன்பிருந்தே. இத்தனை மாதமும் அவள் மூச்சிரைக்கத் துரத்தியது இந்த ஆளைத்தான். படிக்கட்டில் மாரடித்து அழுதது இவனுக்காக. சுத்தியலைத் தூக்கியது இவனுக்காக. பரிமளாவுக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. கை எழுந்தும்விட்டது. அவன் அடி விழும் என்று தெரிந்து கண்ணை மூடிக்கொண்டு, தலையை மட்டும் தோளுக்குள் இழுத்தான். எழுந்த கை இறங்கியது. அவனுக்கு இரண்டு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏரிக்கரையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். பவளம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“யக்கா, அப்ப நெசமா அவர பாத்தது ஒருத்தர்தான்” என்றாள் பவளம் கடைசியில். “அந்தத் திருப்புலிவனத்துக்காரரு. பெஞ்சமின் மகன்னு பேரே சொன்னாருல்ல. அதுக்கப்பறம் யாருமே பாக்கல.”

பவளம் எதைச் சொல்ல வருகிறாள் என்று பரிமளாவுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம்.

மறுநாளிலிருந்து தேடுகிற விதம் மாறியது. திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரம் பார்த்துப் போகிற ரோட்டை ஒட்டி எத்தனை போலீஸ் ஸ்டேஷன் உண்டோ, அந்த ரோட்டில் பிரிகிற ரோடுகளில் எத்தனை உண்டோ, ஒவ்வொன்றாகப் போனாள். பஸ்ஸில் அந்த இடங்களுக்கெல்லாம் ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாது. காலையில் கழனி, மதியத்துக்கு மேல் ஒரு ஸ்டேஷன். வண்டிக் காகிதம் எல்லாம் காலாவதியானது, அதனால் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஏதாவது கடையோரம் நிறுத்திவிட்டு நடந்து போவாள். ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல்களிலும் நின்றாள். சில இடத்தில் உட்காரச் சொன்னார்கள். சில இடத்தில் நாளைக்கு வா என்றார்கள். இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் நிம்மதி வரும். வெளியே வந்து வண்டியை உதைத்ததும் அந்த நிம்மதி போய்விடும்.

ஒன்பதாவது ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். பரிமளாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார்.

“மனச கெட்டியா வச்சிக்கம்மா. ஜனவரி இருவத்தொம்பது. ரோட்ட கடக்கும்போது லாரி அடிச்சிருக்குது.”

போட்டோவில் முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. முகத்தைப் பார்த்து அவள் கண்டுபிடிக்கவில்லை. பிணப் பரிசோதனைக்காக மொட்டையடித்த தலையில் காதுக்கு மேலே வளைந்து போன தழும்பைப் பார்த்தாள். அந்தத் தழும்பில் எத்தனை தையல் என்று அவள் எண்ணியிருக்கிறாள். தினமும் எண்ணெய் தடவியிருக்கிறாள்.

“இவருதான்” என்றாள்.

“உன் கம்ப்ளைண்ட்ல வயசு நாப்பத்திமூணு, போட்டோல மீசை. இங்க வயசு சுமார் அறுவது, தாடின்னு எழுதி வச்சிருக்காங்க. ரெண்டையும் யாரும் சேத்துப் பாக்கலம்மா” என்றார் ஏட்டு. இரண்டு வாரம் பிணவறையில் வைத்திருந்துவிட்டு, யாரும் வராததால் அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்.

காணாமல் போன ஒன்பதாம் நாள். பரிமளா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த வாரம். அவள் திருப்புட்குழிப் படியில் அழுதபோது அவன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான். பிளக் ஓட்டையில் எண்ணெய் ஊற்றியபோதும், பனைமரத்தைப் பார்த்து ஓட்டியபோதும், வெயிலில் கால் சுடுமே என்று தவித்தபோதும் அப்படித்தான்.

வெளியே வந்து, கடையோரம் நிறுத்தியிருந்த வண்டியை உதைத்தாள். கிளம்பவில்லை. திரும்பத் திரும்ப உதைத்தாள். சட்டை நனைந்து, முடி அவிழ்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தாள். கடைக்காரர் பொறுக்க முடியாமல் இறங்கி வந்தார்.

“யம்மா, பெட்ரோல் தொறந்தியா?”

திறக்கவில்லை. அவரே குனிந்து டாங்கிக்குக் கீழே இருந்த குழாயைத் திறந்துவிட்டார். அடுத்த உதையில் கிளம்பியது. ஊர் வரை எப்படி வந்தாள், எந்த இடத்தில் திரும்பினாள் என்று அவளுக்குப் பின்னால் ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

சிட்டம்மாள் வண்டிச் சத்தம் கேட்டுத் தட்டுத்தடுமாறி வாசலுக்கு வந்தாள். வழக்கமான கேள்விதான்.

“கெடச்சானா?”

பரிமளா வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள். “கெடச்சிட்டாரு அத்த” என்றாள்.

“எங்க? எங்க கீறான்? பின்னால குந்திக்கினுகீறானா?” கிழவி காற்றில் இரண்டு கையையும் நீட்டித் துழாவினாள். பரிமளா அந்தக் கைகளைப் பிடித்துத் தன் முகத்தின்மேல் வைத்துக்கொண்டாள். முகம் நனைந்திருப்பது கைக்குத் தெரிந்தது. சிட்டம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். காலனியே கூடிவிட்டது. பவளம் செய்தி கேட்டு ஓடிவந்து, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இருவரையும் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அடக்கம் செய்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். சிட்டம்மாள் ஆட்டோ வேண்டாம் என்றாள். பரிமளாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ராஜ்தூத்தில் உட்கார்ந்தாள். பவளம் பஸ்ஸில் வந்தாள். ஊருக்கு வெளியே முள் மண்டிய இடம். பெண் ஏட்டும் குழி வெட்டுகிறவரும் காத்திருந்தார்கள்.

“அந்த வாரம் மூணு பேரு வந்தாங்க” என்றார் குழி வெட்டுகிறவர். “நம்பர் எழுதிக் குச்சி நட்டுதான் வச்சேன். மழைலயும் மாடு மேஞ்சதுலயும் போயிடுச்சு. தோ, இந்த மூணுல ஒண்ணு.”

மூன்று மேடுகளும் ஒரே அளவாக இருந்தன. மூன்றிலும் நெருஞ்சி முளைத்திருந்தது.

ஏட்டு தயங்கிச் சொன்னார். “டெத் சர்ட்டிபிகேட் வேணும்னா தோண்டி எடுத்து டெஸ்ட் பண்ணித்தாம்மா ஆவணும். போட்டோவ வச்சு மட்டும் குடுக்க மாட்டாங்க. மூணையும் தோண்ட வேண்டி வரும். நீங்க எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்புறேன்.”

பரிமளா மாமியாரைப் பார்த்தாள். காகிதம் இல்லையென்றால் அவள் அரசாங்கக் கணக்கில் புருஷன் காணாமல் போனவளாகவே இருப்பாள். எந்த உதவிக்கும் மனுப் போட முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

சிட்டம்மாள் முதல் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் தடவினாள். நகர்ந்து இரண்டாவதைத் தடவினாள். மூன்றாவதையும் தடவினாள். பிள்ளையைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை தடவுவது போல, அவசரமில்லாமல்.

“நோண்ட வேணாம் பரிமளா” என்றாள். “லாரில அடிபட்ட ஒடம்பு. திரும்பவும் கடப்பாற பட வேணாம். நீ இன்னா சொல்ற?”

பரிமளா மூன்று மேடுகளையும் பார்த்தாள். பவளம் அவள் கையைப் பிடித்திருந்தாள். “வேணாம் சார். இருக்கட்டும்” என்றாள் பரிமளா ஏட்டிடம். பெண் என்பதையும் மறந்து சார் என்றுதான் வந்தது.

மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கி வந்திருந்தாள். மூன்று மேட்டிலும் இரண்டிரண்டாகக் கொளுத்தி வைத்தாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. பவளம் துப்பட்டாவை விரித்து மறைவு பிடித்தாள். சிட்டம்மாள் ஜெபம் சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

பொழுது இறங்குமுன் புறப்பட்டார்கள். சிட்டம்மாளைப் பின்னால் ஏற்றி உட்காரவைத்து, சேலை சக்கரத்தில் சிக்காமல் இழுத்துச் செருகிவிட்டு, பரிமளா பெட்ரோலைத் திறந்து உதைத்தாள். மறுநாள் சம்பாவுக்கு நாற்றங்கால் போடும் வேலை இருந்தது. விடியலில் வரச் சொல்லியிருந்தார்கள்.